சுழியோடியின் காலைத் தந்த பெட்டி குடல் நோயாளிக்கு என்ன தரும்?

கடந்த ரமழானுக்குச் சில வாரங்கள் முன்னர் ஒரு மாலை நேரம். அஸர் தொழுகை முடிந்து வீட்டு விறாந்தையில் இருந்தபோது, முன்னர் என்னிடம் படித்த மாணவி ஒருவரின் தாயார் வந்தார். கையில் தொலைபேசி. அக்கம் பக்கம் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "சேர், இந்த வொய்ஸ ஒருக்கா கேட்டுப் பாருங்க. புள்ளட குளிசைய நிப்பாட்டவா?"

வட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவு அது. யார் பேசுகிறார், எங்கிருந்து பேசுகிறார் என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. அழுத்தமான ஒட்சிசன் நிரப்பிய பெட்டிக்குள் நாற்பது தடவை படுத்து எழுந்தால் குடல் புண் அடியோடு மறைந்துவிடுமாம். அதன்பின் வாழ்நாளில் ஒரு குளிசையும் தேவையில்லையாம். ஆங்கில மருந்துதான் குடலை அரிக்கிறதாம்.

அந்தப் பிள்ளைக்கு இருபது வயது. ஒன்றரை வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனும் பெருங்குடல் புண் அழற்சி. கல்யாணப் பேச்சு நடப்பதால் வீட்டார் நோயை வெளியே சொல்லவில்லை. என்னிடம் வந்ததற்குக் காரணம், எனக்கும் அதே நோய் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அப்போது என் மனைவியின் தம்பியும் அங்கே இருந்தார். கற்பிட்டிக் கடலில் கடலட்டையும் சங்கும் எடுக்கச் சுழியோடியவர். சில வருடங்களுக்கு முன் கடலுக்கடியிலிருந்து ஏறியவர், படகிலேயே கால் மரத்து விழுந்தார். திருகோணமலைக் கடற்படைத் தளத்திலுள்ள அமுக்க அறையில் வைத்துத்தான் அவருக்குச் சிகிச்சை அளித்தார்கள். இன்று நடக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். குரல் பதிவைக் கேட்டுவிட்டு அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரை.

"மச்சான், எனக்குக் கால தந்த பெட்டி, அந்தப் புள்ளட கொடலுக்கு ஒண்டும் செய்யாதா?"

நான் வைத்தியர் அல்ல. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று விஞ்ஞானம் படிப்பிக்கும் ஒரு சாதாரண ஆசிரியன். ஆனால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. என் சொந்த நோய்க்காக இதைப் பற்றி வாசித்தேன், கிளினிக்கில் வைத்தியரிடம் கேட்டேன். பதில் "ஆம்" என்றோ "இல்லை" என்றோ ஒரு சொல்லில் முடிவதில்லை. அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நாம் மறைக்கும் நோய்

முதலில் நோயைப் பற்றி. பெருங்குடலின் உட்பக்கத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு வீங்கிச் சிவந்து புண்ணாகிறது. மலவாசலுக்கு மேலேயுள்ள நேர்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். கிருமி உள்ளே வந்து செய்யும் வேலையல்ல இது. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புத் தொகுதி நிதானம் இழந்து சொந்தக் குடலையே தாக்குகிறது. இது தொற்றாது. ஒரே தட்டில் உண்பதாலோ ஒரே வீட்டில் வாழ்வதாலோ வராது. இன்றுவரை அடியோடு குணப்படுத்தும் மருந்தும் இல்லை. ஆனால் தொடர்ந்து மருந்தெடுத்தால் பல வருடங்கள் அடங்கிக் கிடக்கும்.

அடையாளங்கள் என்ன? இரத்தமும் சளியும் கலந்த வயிற்றோட்டம், அடிவயிற்று வலி, அடக்க முடியாத அவசரம், போய் வந்த பின்னும் இன்னும் இருக்கிறது என்ற உணர்வு. நம் ஊரில் இரத்தம் போனால் "மூலம்" என்போம், வயிறு முறுக்கினால் "கடுப்பு" என்போம். மாதுளந்தோலைக் கசாயம் வைப்போம். நானும் ஏழெட்டு மாதங்கள் மூலம் என்று நினைத்தே கழித்தேன். வகுப்பறையிலிருந்து நாளுக்கு நான்கு தடவை ஓடினேன். ஜும்ஆவுக்குப் போனால் கடைசி ஸஃப்பில், கதவோரம் நிற்பேன். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. எடை பத்துக் கிலோ குறைந்த பின்னர்தான் கொலனோஸ்கோபி செய்து நோயைக் கண்டுபிடித்தார்கள்.

இது வெள்ளைக்காரர் நோய் என்று சொல்வார்கள். அந்தக் காலம் போய்விட்டது. கொழும்பு, கம்பஹா மாவட்டங்களின் வைத்தியசாலைகளில் நடத்தி 2010இல் வெளியான ஆய்வொன்றில், இலட்சம் பேருக்கு 5.3 பேர் என்ற அளவில் இந்த நோய் காணப்பட்டது. வைத்தியசாலைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணிய கணக்கு அது. வீட்டில் கசாயம் குடித்துக்கொண்டிருப்பவர்கள் அதில் இல்லை.

நோய் தலைதூக்கும்போது

அடங்கிக் கிடக்கும் நோய் திடீரெனப் பொங்குவதுண்டு. என் விடயத்தில் அதற்குக் காரணம் நானே. உடம்பு நன்றாக இருக்கிறதே என்று மெசலசின் குளிசையை ஏழு மாதங்கள் நிறுத்தினேன். பின் ஒரு வாரத்துக்குள் நாளொன்றுக்கு ஒன்பது, பத்துத் தடவை இரத்தமாகப் போகத் தொடங்கியது. நாடித்துடிப்பு நூறைத் தாண்டியது. காய்ச்சல் வேறு.

எது கடுமையான தாக்குதல் என்பதற்கு வைத்தியர்களிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு வைத்தியர்கள் 1955இல் வகுத்தது. நாளுக்கு ஆறு தடவையோ அதற்கு மேலோ இரத்தத்துடன் மலம் போய், அதோடு காய்ச்சலோ, நிமிடத்துக்கு 90க்கு மேற்பட்ட நாடித்துடிப்போ, இரத்தசோகையோ சேர்ந்தால் அது வீட்டில் வைத்துப் பார்க்கும் நிலை அல்ல. உடனே வைத்தியசாலையில் அனுமதிக்க வேண்டும். இதே இருவர்தாம் ஸ்டீரொய்ட் மருந்து இந்த நோயில் உயிர் காக்கும் என்பதையும் முறையான பரிசோதனை மூலம் காட்டினார்கள். அதற்கு முன்னர் கடுமையான தாக்குதலில் மரணம் சாதாரணமாக இருந்தது.

இன்றும் முதற் சிகிச்சை அதுதான். நாளத்தின் வழியே ஸ்டீரொய்ட் ஏற்றுவார்கள். மூன்றாம் நாள் மீண்டும் கணக்குப் பார்ப்பார்கள்: எத்தனை தடவை போகிறது, இரத்தத்தில் அழற்சியின் அளவு குறைந்ததா? ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஸ்டீரொய்ட் மட்டும் போதுமானதாக இருப்பதில்லை. அவர்களுக்கு இன்ஃபிளிக்சிமெப் அல்லது சைக்ளோஸ்போரின் போன்ற இரண்டாம் கட்ட மருந்து. அதுவும் கைகொடுக்காவிட்டால் பெருங்குடலை அகற்றும் சத்திரசிகிச்சை.

எனக்கு மூன்றாம் நாள் இரத்தம் குறைந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த இளைஞருக்குக் குறையவில்லை. அவர் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போனார். பிழைத்துக்கொண்டார். வயிற்றில் பையோடு வீடு திரும்பினார். பை என்றால் பயப்பட வேண்டாம். அது உயிரைக் காத்த பை. ஆனாலும், அந்த மூன்றாம் நாளுக்கும் சத்திரசிகிச்சைக் கத்திக்கும் இடையில் இன்னொரு வழி இருந்தால் எவ்வளவு நல்லது என்று அன்று இரவு நினைத்தேன். ஒட்சிசன் சிகிச்சையைப் பற்றி உலகில் நடக்கும் ஆராய்ச்சி நிற்கும் இடம் சரியாக அதுதான்.

கடலும் பெட்டியும்

அந்தப் பெட்டியை நம் கரையோரத்து மக்களுக்கு விளக்குவது எளிது. சுழியோடிகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

கடல் மட்டத்தில் நாம் ஒரு வளிமண்டல அமுக்கத்தில் வாழ்கிறோம். கடலில் பத்து மீற்றர் இறங்கினால் இன்னொரு வளிமண்டலம் கூடும். இருபது மீற்றரில் மொத்தம் மூன்று. அமுக்கம் கூடக் கூட, வாயு திரவத்தில் அதிகமாகக் கரையும். இது ஹென்றியின் விதி. பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சோடாப் போத்தலைக் காட்டி விளக்குவேன். மூடி இறுக்கமாக இருக்கும்வரை வாயு கரைந்தே இருக்கும். சடாரெனத் திறந்தால் குமிழியாகப் பொங்கும்.

நம் மூதாதையர் மூச்சை அடக்கி முத்தும் சங்கும் குளித்தார்கள். ஒரு மூச்சில் இறங்கி ஒரு மூச்சில் ஏறியதால் உடலில் அதிக வாயு கரைய நேரமில்லை. சிலிண்டர் வந்தபின் நிலைமை மாறியது. ஆழத்தில் நெடுநேரம் காற்றைச் சுவாசிப்பதால் அதிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைகிறது. மெதுவாக ஏறினால் மூச்சோடு வெளியேறும். அவசரமாக ஏறினால் சோடாப் போத்தல் கதைதான். குமிழி முள்ளந்தண்டு நரம்பில் சிக்கினால் கால் விழும். மச்சானுக்கு நடந்தது அது.

அதற்கு மருந்து, மீண்டும் அமுக்கத்துக்குள் போவதே. ஆனால் கடலில் அல்ல, கரையில், வைத்தியரின் கண்பார்வையில். இரும்பு அறைக்குள் படுக்க வைத்து, அமுக்கத்தைக் கூட்டி, தூய ஒட்சிசனைச் சுவாசிக்கக் கொடுப்பார்கள். குமிழி சுருங்கும். நைதரசன் வெளியேறும். பிறகு படிப்படியாக அமுக்கத்தைக் குறைப்பார்கள். புத்தளத்தில் தொடங்கும் ஏ12 வீதி அநுராதபுரம், ஹொரவபொத்தானை வழியாகத் திருகோணமலையில் முடிகிறது. அந்த வீதி முழுவதையும் மச்சான் அம்புலன்ஸில் படுத்தபடி கடந்தார்.

இரத்தம் இல்லாமலும் உயிர்

குமிழியே இல்லாத குடல் நோய்க்கு இந்தப் பெட்டி எதற்கு?

சாதாரணமாக ஒட்சிசனைச் சுமப்பது செங்குருதிக் கலங்களிலுள்ள ஈமோகுளோபின். இரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்து செல்வது மிகச் சொற்பம். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறக்குறைய 0.3 மில்லிலீற்றர் மட்டுமே. ஆனால் மூன்று வளிமண்டல அமுக்கத்தில் தூய ஒட்சிசனைச் சுவாசித்தால் அது ஏறக்குறைய 6 மில்லிலீற்றராக, அதாவது இருபது மடங்காக உயரும். ஓய்வாக இருக்கும் உடலுக்கு அதுவே போதும். நெதர்லாந்தின் அம்ஸ்டர்டாம் நகரில் இட்டே போரேமா என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1960இல் இதை விலங்குகளில் நிரூபித்தார். ஈமோகுளோபின் ஏறத்தாழ முற்றாக நீக்கப்பட்ட விலங்குகள், அமுக்க அறைக்குள் தூய ஒட்சிசனால் உயிருடன் இருந்தன.

இனிக் குடலுக்கு வருவோம். பெருங்குடலின் உட்சவ்வு நல்ல நிலையிலேயே ஒட்சிசன் குறைந்த இடம்தான். ஒரு பக்கம் இரத்தக் குழாய், மறுபக்கம் ஒட்சிசனே இல்லாத குடல் உள்வெளி. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அங்கு ஒட்சிசன் இன்றி வாழ்கின்றன. இந்த இடத்தில் அழற்சி தொடங்கினால் வீக்கம் நுண்ணிய இரத்தக் குழாய்களை நெரிக்கிறது. படையெடுத்து வரும் வெண்குருதிக் கலங்கள் இருக்கும் ஒட்சிசனையும் தின்றுவிடுகின்றன. மூச்சுத் திணறும் சவ்வு ஆற முடியாமல் மேலும் புண்ணாகிறது. புண் மேலும் அழற்சியை வரவழைக்கிறது. இந்தச் சுழற்சியை உடைக்க, நெரிந்த குழாயினூடாகவும் ஊடுருவக்கூடிய ஒட்சிசனை இரத்தத்தின் நீர்ப்பகுதியில் ஏற்றி அனுப்ப முடியுமா என்பதே ஆராய்ச்சியாளர்களின் யோசனை. கூடவே, அமுக்க ஒட்சிசன் வெண்குருதிக் கலங்களின் ஆவேசத்தைச் சற்றுத் தணிப்பதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன.

நல்ல யோசனைதான். ஆனால் நல்ல யோசனைகள் பல நோயாளியின் கட்டிலுக்கு வந்ததும் தோற்றிருக்கின்றன. ஆகவே பரிசோதனைகள் என்ன சொல்கின்றன என்று பார்க்க வேண்டும்.

பதினெட்டுப் பேரும் பதினெட்டுப் பேரும்

முதலாவது பரிசோதனை சுவீடனில் நடந்தது, 2013இல் வெளியானது. கடுமையான தாக்குதலோடு வந்த பதினெட்டுப் பேரில் பத்துப் பேருக்கு வழமையான சிகிச்சையோடு அமுக்க ஒட்சிசனும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வழமையான சிகிச்சை மட்டும். இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. குரல் பதிவுகளில் இந்தப் பரிசோதனை ஒருபோதும் வராது.

இரண்டாவது ஐக்கிய அமெரிக்காவில், பல வைத்தியசாலைகள் சேர்ந்து செய்தது, 2018இல் வெளியானது. தற்செயலாக இதிலும் பதினெட்டுப் பேர்தான். அனைவரும் வைத்தியசாலையில் நாளத்தின் வழியே ஸ்டீரொய்ட் பெற்றுக்கொண்டிருந்தவர்கள். பத்துப் பேருக்கு உண்மையான அமுக்க ஒட்சிசன். எட்டுப் பேரும் அதே அறைக்குள் போனார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது பெயருக்குச் சிறிது அமுக்கமும் சாதாரணக் காற்றும். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிட்ட வைத்தியருக்கும் தெரியாது. ஐந்தாம் நாள் பார்த்தபோது உண்மையான சிகிச்சை பெற்றவர்களில் பாதிப்பேருக்கு நோய் அடங்கியிருந்தது. மற்றத் தரப்பில் ஒருவருக்கும் இல்லை. இரண்டாம் கட்ட மருந்துக்கோ சத்திரசிகிச்சைக்கோ போக நேர்ந்தவர்கள் முதல் தரப்பில் பத்துக்கு ஒருவர், இரண்டாம் தரப்பில் எட்டுக்கு ஐவர்.

கேட்கும்போது உள்ளம் துள்ளும். எனக்கும் துள்ளியது. ஆனால் வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. நாணயத்தை நான்கு தடவை சுண்டி நான்கும் தலை விழுந்தால் நாணயம் கோணல் என்று முடிவுசெய்யாதே. பதினெட்டுப் பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. அந்தப் பரிசோதனையே அதிகமானோரைச் சேர்க்கத் திட்டமிட்டுத் தொடங்கி, போதிய ஆட்கள் கிடைக்காமல் இடையில் நிறுத்தப்பட்டது. அதே குழுவினர் 2020இல் இன்னும் இருபது பேரைக் கொண்டு, எத்தனை நாட்கள் கொடுப்பது நல்லது என்று பார்த்தார்கள். மூன்று நாளோடு நிறுத்துவதைவிட ஐந்து நாள் கொடுப்பது நல்லது என்று தெரிந்தது. இவையெல்லாம் நம்பிக்கை தரும் தொடக்கங்கள். தீர்ப்பு அல்ல.

இந்த விபரங்களில் ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்கப் பரிசோதனையில் யாருடைய மருந்தையும் நிறுத்தவில்லை. ஸ்டீரொய்ட் மேல் ஒட்சிசன். ஒட்சிசன் மட்டும் அல்ல. அதுவும் வைத்தியசாலையில் படுத்திருக்கும்போது, சில நாட்களுக்கு. நாற்பது தடவை படுத்தால் அடியோடு குணம் என்று அதில் எங்கும் இல்லை. குரல் பதிவு, கூட்டல் கணக்கை எடுத்துக் கழித்தல் கணக்காக்கிவிட்டது.

பெட்டியின் மறுபக்கம்

உலகளவில் அமுக்க ஒட்சிசன் மருத்துவத்துக்கு ஒரு சங்கம் உண்டு. எந்தெந்த நோய்களுக்கு இந்தச் சிகிச்சை பொருந்தும் என்று அது பட்டியல் வெளியிடுகிறது. சுழியோடிகளின் நோய், காபனோரொட்சைட்டு நஞ்சாதல், சிலவகை நீரிழிவுக் கால் புண்கள், கதிர்ச் சிகிச்சையால் வந்த காயங்கள் ஆகியன அதில் இருக்கின்றன. நான் பார்த்த பட்டியலில் பெருங்குடல் புண் அழற்சி இல்லை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2013இலேயே, நிரூபிக்கப்படாத நோய்களுக்கு இதை விற்பவர்களிடம் ஏமாற வேண்டாம் என்று மக்களை எச்சரித்தது.

இரண்டாவது, எல்லாப் பெட்டியும் ஒரே பெட்டி அல்ல. பரிசோதனைகளில் பயன்பட்டது ஏறக்குறைய 2.4 வளிமண்டல அமுக்கம். கடலில் பதினான்கு மீற்றர் ஆழத்துக்குச் சமம். அழகு நிலையங்களிலும் இணையத்திலும் விற்கும், துணியால் செய்த காற்றுப் பைகள் 1.3 அளவோடு நின்றுவிடுகின்றன. மூன்று மீற்றர் ஆழம். அந்த அமெரிக்கப் பரிசோதனையில் போலிச் சிகிச்சை பெற்றவர்களுக்குக் கொடுத்த அமுக்கமும் ஏறத்தாழ அவ்வளவுதான். போலிச் சிகிச்சையைக் காசு கொடுத்து வாங்குவது எவ்வளவு பெரிய ஏமாற்றம்!

மூன்றாவது, ஆபத்து. சுழியோடிகளுக்குத் தெரியும், இறங்கும்போது காதைத் திறக்காவிட்டால் செவிப்பறை கிழியும். அறைக்குள்ளும் அப்படியே. சிலருக்குத் தற்காலிகமாகப் பார்வை மங்கும். அரிதாக வலிப்பு வரும். நுரையீரலில் காற்றுக் கசிவு உள்ளவர்களுக்கு உயிராபத்து. எல்லாவற்றுக்கும் மேலாக நெருப்பு. தூய ஒட்சிசனில் ஒரு பொறி போதும். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், தனியார் நிலையமொன்றின் அமுக்க அறை தீப்பற்றி வெடித்து ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். முறையான மேற்பார்வை உள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் உள்ள வித்தியாசம் உயிர்.

ஸ்டீரொய்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாரக்கணக்கில் எடுத்தவர் அதைத் திடீரென நிறுத்தக் கூடாது. வெளியிலிருந்து ஸ்டீரொய்ட் வருவதால், அதைத் தயாரிக்கும் உடலின் சொந்தச் சுரப்பி தூங்கிவிடுகிறது. மருந்தைச் சட்டென நிறுத்தினால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியர் சொல்லும்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதுவும் சுழியோடி ஏறும் விதம் போலத்தான். மெதுவாக.

நம் கரையில் இருந்து பார்த்தால்

எல்லாம் சரி, நாளை பெரிய பரிசோதனைகள் நடந்து இந்தச் சிகிச்சை உண்மையிலேயே பயன் தருகிறது என்று உறுதியானால் நமக்கு என்ன? கடுமையான தாக்குதலில் இருப்பவரைப் புத்தளத்திலிருந்து திருகோணமலைக்கு நாள்தோறும் கொண்டு போய் வர முடியாது. இரத்தம் இழந்தவருக்கு அந்தப் பயணமே ஆபத்து. குடல் நோய் நிபுணரும் சத்திரசிகிச்சை நிபுணரும் இருக்கும் பெரிய வைத்தியசாலையிலேயே அமுக்க அறையும் இருந்தால்தான் அது பயன்படும். சுழியோடிகளுக்காகவும் நீரிழிவுக் கால் புண்களுக்காகவும் மேற்குக் கரையோரத்தில் அரச வைத்தியசாலையொன்றில் அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. கொலைட்டிஸ் நோயாளிகள் நாளை அதில் பங்குதாரர் ஆகலாம். அரசியல்வாதிகள் வாக்குக் கேட்டு வரும்போது வீதிக்குத் தார் கேட்கும் நாம், இதையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

அதுவரை நம் கையில் இருப்பவை சிறியவை, ஆனால் நிரூபிக்கப்பட்டவை. இரத்தம் போனால் மூலம் என்று சமாதானம் சொல்லாமல் வைத்தியரிடம் காட்டுவது. நன்றாக இருக்கும் நாட்களிலும் குளிசையை நிறுத்தாமல் இருப்பது. வலி நிவாரணிகளை, குறிப்பாக டைக்ளோஃபெனக் போன்றவற்றை, வைத்தியரைக் கேட்காமல் போடாதிருப்பது. ஆறு தடவையோ அதற்கு மேலோ இரத்தம், கூடவே காய்ச்சல் அல்லது படபடப்பு என்றால் அன்றே வைத்தியசாலைக்குப் போவது. அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. பெட்டி இல்லாமலே பெரும்பாலானோரை இவை காப்பாற்றுகின்றன.

நோன்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோய் பொங்கியிருக்கும்போதும் நோன்பைப் பிடித்து, மருந்தைத் தவறவிட்டு, மயங்கி விழுந்தவர்களை நான் அறிவேன். நோயாளிக்குச் சலுகை தந்தவன் அல்லாஹ். ஸூரத்துல் பகராவில் நோன்பைக் கடமையாக்கிய இடத்திலேயே அந்தச் சலுகையும் வருகிறது. நோய் அடங்கியவர்களில் பலரால் குளிசை நேரத்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றிக்கொண்டு நோன்பு நோற்க முடியும். யாரால் முடியும், யாரால் முடியாது என்பதை ஷஃபான் மாதத்திலேயே வைத்தியரிடம் கேட்டு, மார்க்கத் தெளிவை ஆலிமிடம் பெற்றுக்கொள்ளுங்கள். அடிக்கடி வுழூ முறிபவர்களுக்கும் மார்க்கத்தில் வழி இருக்கிறது. வெட்கத்தால் பள்ளிவாசலை விட்டு ஒதுங்கிவிட வேண்டாம்.

கல்யாணப் பேச்சில் நோயை மறைக்கும் பெற்றோருக்கு: இந்த நோயுள்ள பெண்கள் திருமணம் முடிக்கிறார்கள், நோய் அடங்கியிருக்கும் காலத்தில் கருத்தரித்து ஆரோக்கியமான பிள்ளைகளைப் பெறுகிறார்கள். ஆபத்து, மறைப்பதற்காக மருந்தை நிறுத்தும்போதுதான். மாமியார் வீட்டில் குளிசையை ஒளித்து வைக்க வேண்டிய பெண், ஒருநாள் அதை விழுங்காமலே விட்டுவிடுவாள்.

அன்று மாலை அந்தத் தாயாரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. மூன்று விடயங்களை மட்டும் சொன்னேன். குளிசையை நிறுத்த வேண்டாம். அடுத்த கிளினிக்கில் இந்தக் குரல் பதிவை வைத்தியருக்கே போட்டுக் காட்டுங்கள், அவர் கோபிக்க மாட்டார். மகளையும் கூட அழைத்துச் செல்லுங்கள், அவளே கேட்கட்டும். அவர் போனபின் மச்சானிடம், "பெட்டி ஒருவேளை உதவும். ஆனா மருந்தோட சேந்துதான் உதவும். தனியா இல்ல" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தன் கதையைச் சொன்னார். கால் விழுந்த அன்று, படகில் இருந்த ஒருவர் எண்ணெய் தடவினால் சரியாகிவிடும் என்றாராம். இன்னொருவர் திரும்பக் கடலில் இறக்கினால் சரியாகும் என்றாராம். படகோட்டி இரண்டையும் கேட்காமல் நேரே கரைக்கு ஓட்டினாராம்.

"அண்டைக்கு அந்தாள் கரைக்கு ஓட்டினதாலதான் பெட்டி எனக்கு வேல செஞ்ச" என்றார் மச்சான்.

நோன்புப் பெருநாள் கழிந்து அந்தத் தாயார் மீண்டும் வந்தார். மகள் தானே கிளினிக்கில் கேட்டாளாம். வைத்தியர் பதிவைக் கடைசிவரை கேட்டுவிட்டு, காகிதத்தில் குடலை வரைந்து விளங்கப்படுத்தினாராம். குளிசை தொடர்கிறது. பெண் பார்க்க வந்தவர்களிடம் விடயத்தைச் சொல்லிவிட்டார்களாம். அவர்கள் பதில் சொல்ல நேரம் கேட்டிருக்கிறார்கள். என்ன பதில் வந்தாலும் பிள்ளை மருந்தை ஒளித்து வைக்கத் தேவையில்லை.

யா அல்லாஹ், நோயுற்றோர் அனைவருக்கும் ஷிஃபாவைத் தருவாயாக. குரல் பதிவுகளைப் பகிரும் விரல்களுக்குச் சற்று நிதானத்தையும் தருவாயாக.